ஒற்றப்பாலம் நாராயணும் ஒரே ஒரு கோல்கம்பமும்

ஆகஸ்ட் மாதம் பிறந்தால் டெக்ஸாஸில் வெயிலோடு சேர்ந்து இன்னொரு காய்ச்சலும் வரும். பள்ளிக்கூட ஃபுட்பால் பயிற்சி முகாம். நம்ம ஊர் ஃபுட்பால் இல்லீங்க, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது. டல்லாஸ் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருக்கு இந்த ஆட்டத்தின் விதிகள் இன்னும் பிடிபடவில்லை. ஆனாலும் பையன் வளர்ந்ததும் "அப்பா, நான் லைன்பேக்கருக்கு ட்ரை பண்றேன்" என்று வந்து நிற்பான். எங்கள் வீட்டிலும் நின்றான்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. தடுக்கிற அணியில் பதினொரு பேர். முன்வரிசையில் மூன்று அல்லது நான்கு பேர் யானை மாதிரி நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால், இரண்டு எட்டு தள்ளி நிற்பவன் லைன்பேக்கர். முன்னால் மூன்று பேர் என்றால் இவர்கள் நான்கு, அங்கே நான்கு என்றால் இவர்கள் மூன்று. எதிராளி என்ன செய்யப்போகிறான் என்று பார்த்து, ஓடிப்போய் அடைக்கிற வேலை. தொழில்முறை அணிகளின் முகாமில் தொண்ணூறு பேர் வரைக்கும் சேருவார்கள். ஆகஸ்ட் கடைசியில் அது ஐம்பத்து மூன்றாகக் குறைந்துவிடும். மிச்சம் முப்பத்து ஏழு பேர் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். மிஞ்சியவர்களிலும் முதல் ஆளாக இறங்குபவன் யார், இரண்டாமவன் யார் என்று ஒரு பட்டியல் இருக்கும். டெப்த் சார்ட் என்பார்கள். பையன்கள் பரீட்சை ரிசல்ட் பார்ப்பதைவிட அதிகப் பயத்தோடு அதைப் பார்க்கிறார்கள்.

பட்டியலில் இரண்டாவது பேராக இருப்பது என்றால் என்ன? என் பையன் கேட்ட கேள்வி இது. நான் பி.காம். படித்து வங்கியில் கடன் ஃபைல் பார்க்கிற ஆள். எனக்கு லைன்பேக்கர் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் பாலக்காட்டு மாவட்டத்துக்காரர் ஒருவரின் கதை தெரியும். இந்தக் கேள்விக்கு அவரைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்.எஸ்.நாராயண். நண்பர்களுக்கு பாபு நாராயண். 1934 நவம்பரில் ஒற்றப்பாலத்தில் பிறந்தவர். எங்கள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடு போய், அங்கிருந்து ஷொரணூர் பக்கம் ரயில் ஏறினால் வழியில் வரும் ஊர். ஒரு பக்கம் தண்டவாளம், அதை ஒட்டியே பாரதப்புழை. அந்தக் காலத்தில் பாலக்காட்டு ஜில்லாவில் படித்தவர்களுக்கு இரண்டே திசை. ஒன்று மதராஸ், இன்னொன்று பம்பாய். டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் தெரிந்தால் மாதுங்காவில் ஒரு அறை, கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் வேலை. நாம் இப்போது விசா வாங்கி வந்து செய்வதை அவர்கள் மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கிச் செய்தார்கள். நாராயண் வளர்ந்ததும் அந்த மாதுங்காவில்தான். கூடைப்பந்தும் ஆடுவார். உயரே வரும் பந்தை இரண்டு கையாலும் பறிக்கிற பழக்கம் அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம். கால்பந்தில் அவர் கோல்கீப்பர்.

இங்கேதான் சிக்கல். மற்ற இடங்களுக்கு ஒருவன் போட்டியிட்டுத் தோற்றால் பக்கத்து இடத்துக்கு நகரலாம். வலது ஹாஃப்-பேக் இடது பக்கம் போகலாம். ஃபுல்-பேக் நடுவில் நிற்கலாம். இங்கே அமெரிக்காவில் இரண்டாம் நிலை லைன்பேக்கருக்குக்கூட உதை ஆட்டங்களில் இறங்க வாய்ப்பு உண்டு. ஒரே ஆட்டத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம். கோல்கீப்பருக்கு அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. கம்பம் ஒன்று, ஆள் ஒருவன்.

அதிலும் 1950களில் ஆள் மாற்றுவது என்ற பேச்சே கிடையாது. உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரர்களை அனுமதித்ததே 1970-ல், மெக்சிகோவில்தான். அதற்கு முன்னால் விசில் ஊதும்போது உள்ளே இருக்கும் பதினொரு பேர்தான் கடைசி வரை. கால் உடைந்தால் பத்துப் பேரோடு ஆடவேண்டும். ஆகவே முகாமில் எழுதப்படும் அந்தப் பதினொரு பேர் பட்டியலுக்கு இருந்த மதிப்பை இன்றைய பையன்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். பட்டியலில் இல்லாதவன் கப்பலில் வந்திருந்தாலும் விமானத்தில் வந்திருந்தாலும், அன்றைக்கு அவன் கோட் போட்ட பார்வையாளன்.

நாராயணுக்கு எதிரே நின்றவர் யார் தெரியுமா? பீட்டர் தங்கராஜ்.

தங்கராஜ் தமிழர், பிறந்தது 1935-ல், ஹைதராபாத்தில். செகந்திராபாத்தில் மார்னிங் ஸ்டார் என்ற கிளப்பில் ஆடத் தொடங்கியபோது அவர் கோல் போடுகிற ஆள், சென்டர் ஃபார்வர்ட். பிறகு ராணுவத்தில் சேர்ந்து மதராஸ் ரெஜிமென்ட் சென்டருக்கு வந்தார். நீலகிரியில் வெல்லிங்டன் தெரியுமல்லவா, குன்னூரை ஒட்டி, அங்கேதான் அந்த சென்டர். எங்கள் ஊரிலிருந்து வெயில் இல்லாத நாளில் வடக்கே பார்த்தால் தெரிகிற மலைகள் அந்த நீலகிரிதான். ராணுவத்தில் அவரை கோல்கம்பத்துக்கு மாற்றினார்கள். ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கை. 1955-லும் 1958-லும் மதராஸ் ரெஜிமென்ட் சென்டர் டெல்லியில் டியூரண்ட் கோப்பையை வென்றது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகளைத் தாண்டி, வெல்லிங்டனிலிருந்து போன சிப்பாய்கள் அந்தக் கோப்பையைத் தூக்கி வந்தார்கள் என்பதை நம் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை. பேசவேண்டும்.

ஆக ஒரே வயதில், ஒரே காலத்தில், இரண்டு தென்னாட்டுக்காரர்கள். ஒருவர் பம்பாயில் கம்பெனி அணி ஆட்டக்காரர், ஒருவர் மலை மேல் ராணுவத்தில். தேர்வு செய்கிற இடத்தில் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம்.

ரஹீம் பற்றி 'மைதான்' படத்தில் (2024, அஜய் தேவ்கன்) பலர் பார்த்திருப்பீர்கள். படத்தை விடுங்கள், ஆள் அதைவிடச் சுவாரசியமானவர். தொழிலால் பள்ளிக்கூட வாத்தியார். ஹைதராபாத்தில் அவர் விசித்திரமான போட்டிகள் நடத்துவார். பந்தை உருட்டிக்கொண்டே போகக் கூடாது, வந்ததும் அடுத்தவனுக்குத் தள்ளவேண்டும் என்று விதி வைத்து ஒரு போட்டி. பழக்கமில்லாத காலைப் பயன்படுத்த வைப்பார். வாத்தியார் அல்லவா, ஹோம்வொர்க் கொடுக்கத் தெரியும் :-)

1952-ல் ஹெல்சிங்கியில் இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று உதை வாங்கியது. நம் ஆட்களில் பெரும்பாலோர் அந்தக் குளிரில் வெறுங்காலோடு ஆடினார்கள். அதற்கு அப்புறம்தான் பூட்ஸ் கட்டாயமானது. இது முகாமில் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெறுங்காலில் கில்லாடியாக இருந்தவன் பூட்ஸ் போட்டதும் சாதாரண ஆளாகிவிடுவான். இவனுக்குப் பின்னால் இருந்தவன் முன்னால் வந்துவிடுவான். வங்கியில் கையால் லெட்ஜர் எழுதிய மணிமணியான கையெழுத்துக்காரர்கள், கம்ப்யூட்டர் வந்த வருடம் மூலையில் உட்கார்ந்ததை நான் சேர்ந்த புதிதில் கேட்டிருக்கிறேன். அதே கதை.

ஆட்டமுறை மாறும்போதும் இதே கூத்து நடக்கும். பழைய 2-3-5 முறையில் நடுவில் மூன்று ஹாஃப்-பேக்குகள். நம்ம கதையில் லைன்பேக்கருக்கு ஓரளவு உறவுக்காரர்கள் இவர்கள்தான். முன்னால் நடப்பதைப் படித்து, ஓடி அடைக்கிறவர்கள். ரஹீம் பிற்பாடு 4-2-4 பக்கம் போனார். நடுவில் இரண்டே பேர். காகிதத்தில் ஒரு எண்ணை மாற்றினால் முகாமில் ஒருவனுக்கு வேலை போகிறது. அவன் ஆட்டம் மோசமானதால் அல்ல, அவன் நின்ற இடமே பட்டியலில் இல்லாமல் போனதால். நம்மில் பலருக்கு ஆபீசில் நடந்ததுதானே இது?

மெல்போர்னுக்கு, 1956-ல், இரண்டு கோல்கீப்பர்களும் போனார்கள். நாராயணுக்கு அப்போது வயது இருபத்திரண்டு, தங்கராஜுக்கு இன்னும் இருபத்தொன்று நிறையவில்லை. ஆஸ்திரேலியாவை அவர்கள் ஊரிலேயே 4-2 என்று இந்தியா ஜெயித்தது. நெவில் டிசோசா மூன்று கோல். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 4-1 தோல்வி. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0. நான்காம் இடம். இந்தியக் கால்பந்து ஒலிம்பிக்கில் எட்டிய உச்சம் அதுதான், இன்றைக்கு வரைக்கும். கோழிக்கோட்டு ரஹ்மான் அந்த அணியில் பின்களம் காத்தார். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளையான துளசிதாஸ் பலராம், செகந்திராபாத்துக்காரர், இருபதே வயதில் அங்கே ஆடினார்.

அடுத்த நான்கு வருடங்களில் தராசு தங்கராஜ் பக்கம் சாய்ந்தது. 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கினார். 1960 ரோம் ஒலிம்பிக்குக்கும் இரண்டு பேரும் போனார்கள். முதல் ஆள் தங்கராஜ். ஹங்கேரியிடம் 2-1 தோல்வி, பிரான்சுடன் 1-1 டிரா, பெருவிடம் 3-1 தோல்வி. ஹங்கேரி அந்த ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய அணி, பிரான்சு பிரான்சு, அவர்களிடம் இப்படி ஆடியிருக்கிறோம் என்று இப்போது சொன்னால் பசங்க சிரிக்கிறார்கள். அதற்கப்புறம் இந்தியா ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை.

அந்த ரோம் அணியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கவேண்டும். நம் எல்லைப்புறக்காரர்களுக்கு அதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. பலராம், தங்கராஜ். தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ். இரிஞ்ஞாலக்குடா ஓ.சந்திரசேகரன், பின்களத்தில் மலை மாதிரி. இந்தச் சந்திரசேகரனும் நம்ம நாராயணும் பம்பாயில் கால்டெக்ஸ் எண்ணெய்க் கம்பெனி அணிக்கு ஆடியவர்கள். நாராயண் டாடா அணிக்கும் ஆடினார். சந்திரசேகரன் பிற்பாடு ஸ்டேட் பேங்கில். (கால்டெக்ஸ் 1970களில் அரசுடைமையாகி இந்துஸ்தான் பெட்ரோலியத்தில் கரைந்துவிட்டது. பழைய ஃபைல்களில் அந்தப் பெயரைப் பார்த்தால் எனக்கு நாராயண் ஞாபகம்தான்.)

இந்தக் கம்பெனி விஷயத்தை விளக்காமல் விட்டால் இந்தப் போட்டியின் அருமை புரியாது. அன்றைய இந்தியாவில் கால்பந்து ஆடினால் காசு கிடையாது. வேலை கிடைக்கும். ராணுவம், ரயில்வே, போலீஸ், எண்ணெய்க் கம்பெனி, டாடா, வங்கி. அணியில் இடம் என்றால் ஒரு நாற்காலி, மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., ஓய்வூதியம், தங்கைக்குக் கல்யாணம். பதினொரு பேரில் ஒருவனாகத் தொடர்ந்து இருப்பவனைத்தான் கம்பெனி வேலைக்கு எடுக்கும். பட்டியலில் இரண்டாவது பேர் என்பது கௌரவப் பிரச்சினை மட்டுமில்லை, வீட்டு அரிசிப் பிரச்சினை. நாராயண் இரண்டு ஒலிம்பிக் போனவர் என்பதால் அவருக்கு அந்தக் கவலை இருந்திருக்காது. ஆனால் அவருக்குப் பின்னால் மூன்றாவதாக, நான்காவதாக இருந்த கோல்கீப்பர்கள்? முகாமுக்கு வந்து பத்து நாளில் வீடு திரும்பியவர்கள்? அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கேரளத்தில் இந்த நாற்காலிப் பொருளாதாரம் ரொம்ப காலம் ஓடியது. ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் அணி, டைட்டானியம் அணி, போலீஸ் அணி. 1990-லும் 1991-லும் கேரளப் போலீஸ் ஃபெடரேஷன் கோப்பையை வென்றபோது எங்கள் ஊர்ப் பையன்களுக்கெல்லாம் போலீசாகவேண்டும் என்று ஆசை, திருடன் பிடிக்க அல்ல, பந்து உதைக்க. அந்த அணியின் தூண் வி.பி.சத்யன். இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்தவர். பிறகு சென்னையில் இந்தியன் வங்கிக்கு வந்தார். காயங்கள் படுத்தி எடுத்தன. 2006 ஜூலையில், பல்லாவரத்தில், நாற்பத்தொரு வயதில் தன் வாழ்க்கையை முடித்துக்கொண்டார். 'கேப்டன்' என்று 2018-ல் மலையாளத்தில் படம் வந்தது. ஆட்டத்தில் இடம் போன பிறகு ஒரு ஆட்டக்காரனுக்கு அந்த வங்கி நாற்காலி போதுமா என்ற கேள்வி அதில் இருக்கிறது. என்னிடம் பதில் இல்லை. திருவாங்கூர் வங்கியும் 1.4.2017 அன்று ஸ்டேட் பேங்கோடு இணைந்துவிட்டது.

சரி, மூணாறு பக்கம் கொஞ்சம் போய் வருவோம். இடுக்கி எல்லையில் இந்தப் போட்டியின் இன்னொரு முகம் இருக்கிறது.

நான் வங்கியில் சேர்ந்த புதிதில் முதல் போஸ்டிங் அந்த மலையில். கண்ணன் தேவன் கம்பெனி 1897-ல் தொடங்கியது. ஜேம்ஸ் ஃபின்லே என்ற ஸ்காட்லாந்துக்காரக் கம்பெனி அதை நடத்தியது. 1964-ல் டாடா கூட்டுச் சேர்ந்தது, 1983-ல் டாடா டீ முழுதாக எடுத்துக்கொண்டது, 2005-ல் தொழிலாளர்களும் பங்கு வைத்திருக்கிற கே.டி.எச்.பி. என்ற கம்பெனியானது. துரைமார்கள் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, ஆனால் அவர்கள் விட்டுப்போன ஒரு பெயரை மட்டும் தொழிலாளர்கள் விடவில்லை. எஸ்டேட்டுகளுக்குள் நடக்கும் கால்பந்துப் போட்டியின் கோப்பை இன்றும் ஃபின்லே பெயரில்தான். 1940களில் தொடங்கிய போட்டி. பெரியவாரை, மாட்டுப்பட்டி, குண்டுமலை, லெட்சுமி, கன்னிமலை என்று எஸ்டேட் எஸ்டேட்டாக அணி. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் மலையேறியவர்களின் பிள்ளைகள். வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழோ மலையாளமோ, மைதானத்தில் இரண்டும்.

அங்கே ஒரு எஸ்டேட்டில் (பெயர் வேண்டாம்) அணி தேர்ந்தெடுப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். சம்பள நாளில் கணக்கு வேலையாகப் போனவன், ஆபீஸ் வேலை முடிந்ததும் மைதானத்தின் ஓரத்தில் நின்றேன். மைதானம் என்றால் சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு. பந்து தேயிலைக்குள் போனால் கவாத்து வெட்டிய செடிக்குள் கையை விட்டு எடுக்கவேண்டும். பின்களத்தில் நடுவில் நிற்க இரண்டு பேருக்குப் போட்டி. ஒருவர் டீ ஸ்டோரில் வேலை செய்கிறவர், முப்பது தாண்டியவர், பல வருடமாக அந்த இடம் அவருடையது. இன்னொருவன் லயத்துப் பையன், பத்தொன்பது இருபது இருக்கும். காலையில் பெரட்டுக்குப் போய் மருந்தடித்துவிட்டு மாலையில் ஆட வந்தவன்.

பையன் வேகமானவன். பார்த்தாலே தெரிந்தது. பெரியவருக்கு மூச்சு வாங்கியது, ஆனால் பந்து எங்கே வரும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. பையன் ஓடிப் பிடிக்கிற பந்தை அவர் நடந்துபோய் எடுத்தார். தேர்வு செய்தவர் ஃபீல்டு ஆபீசர். அவர் கடைசியில் பெரியவர் பெயரைத்தான் எழுதினார். பையன் ஒன்றும் பேசவில்லை. பெரியவர் அவனிடம் போய், "டேய் தம்பி, அடுத்த வருஷம் ஒனக்குத்தான்டா" என்றார். "அடுத்த வருஷம் நான் இருந்தாத்தானண்ணே" என்றான் அவன்.

அடுத்த வருடம் அவன் திருப்பூர் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். மலையில் அந்த வயதுப் பையன்கள் எல்லாரும் போகிற ஊர் அது. அணியில் இடம் கிடைத்திருந்தால் இருந்திருப்பானா என்று கேட்காதீர்கள். இருந்திருக்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். எஸ்டேட் கூலியில் இருந்து சாதிக்க ஒன்றுமில்லை.

ரஹீமுக்கு வருவோம். இந்தக் கதையில் கடைசி முடிச்சு ஜகார்த்தாவில் விழுகிறது, 1962 ஆசிய விளையாட்டில். நாராயண் இந்த அணியில் இல்லை. தங்கராஜுக்கு இப்போது இன்னொரு போட்டியாளர், வங்காளத்தின் பிரத்யுத் பர்மன்.

தொடரின் நடுவில் தங்கராஜ் ஜுரத்தில் படுத்துவிட்டார். கம்பத்துக்கு நடுவே பர்மன். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0. அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2. பர்மன் நன்றாகவே ஆடினார். அணி ஜெயித்துக்கொண்டு இறுதிக்கு வந்திருக்கிறது. வழக்கமாக எந்தக் கோச்சும் ஜெயிக்கிற அணியில் கைவைக்க மாட்டார். அதுவும் கோல்கீப்பரை, அதுவும் இறுதிப் போட்டியில்.

ரஹீம் கைவைத்தார். ஜுரத்திலிருந்து எழுந்த தங்கராஜை இறுதிக்கு இறக்கினார். எதிரே மறுபடியும் அதே தென்கொரியா. பதினோராவது ஆளாக ஜர்னைல் சிங். இவர் பின்களத்து ஆள், தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார். அவரை அரையிறுதியிலேயே சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார் ரஹீம், இறுதியிலும் அப்படியே. அவர் விட்டுப்போன நடு இடத்தை அருண் கோஷ் அடைத்தார். இரிஞ்ஞாலக்குடா சந்திரசேகரன் ஒரு பக்கம், காலில் காயத்தோடு திரிலோக் சிங் இன்னொரு பக்கம்.

1962 செப்டம்பர் 4. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மைதானத்தில். எல்லாரும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல். இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்குச் சேர்க்காததை நம்ம ஜி.டி.சோந்தி கண்டித்ததால் அந்த ஊருக்கே நம் மேல் கோபம். பாகிஸ்தான் ஹாக்கி அணிக்காரர்கள்தான் நமக்காகக் கைதட்டினார்கள் என்று சொல்வார்கள். பி.கே.பானர்ஜி 17-வது நிமிடத்தில் ஒன்று. ஜர்னைல், அந்தத் தையல் போட்ட தலையோடு, 20-வது நிமிடத்தில் ஒன்று. கொரியா கடைசிப் பகுதியில் ஒன்று திருப்பியது. 2-1. தங்கம். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குத் தங்கம் கிடையாது.

இந்த வெற்றியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ரஹீமின் துணிச்சலைப் பாராட்டுவார்கள். நானும் பாராட்டுகிறேன். ஆனால் கடன் ஃபைல் பார்க்கிறவனுக்கு இன்னொரு கண்ணும் உண்டு. ஜெயித்ததால் அது துணிச்சல். தோற்றிருந்தால்? அரையிறுதி வரை கொண்டுவந்து சேர்த்த பர்மனை உட்காரவைத்து, காய்ச்சல்காரனை இறக்கினார் என்று கல்கத்தாப் பத்திரிகைகள் உரித்திருக்கும். பர்மனுக்குத் தங்கப் பதக்கம் உண்டு, அது உண்மை. அன்றைக்கு அந்த ஒரு லட்சம் பேருக்கு நடுவே ஓரத்தில் உட்கார்ந்து அவர் என்ன நினைத்தார்? தன் அணி ஜெயிக்கவேண்டும், ஆனால் தன் இடத்தில் நிற்பவன் இல்லாமல் ஜெயித்தது போலவும் இருக்கவேண்டும். மனுசன் அப்படித்தான் நினைப்பான். பெங்களூர்த் தமிழரான அருமைநாயகமும் அந்த அணியில் இருந்தார், கெட்டிக்கார விங்கர். இறுதியின் பதினொரு பேரில் அவரும் இல்லை. ஒரு பக்கம் பி.கே., மறுபக்கம் பலராம். எங்கே இடம் இருக்கிறது?

ரஹீமுக்கு அப்போதே புற்றுநோய். 1963 ஜூனில் போய்விட்டார்.

தங்கராஜ் கல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். 1967-ல் அர்ஜுனா விருது. 2008-ல் பொகாரோவில் காலமானார். சைமன் சுந்தரராஜ் கோச்சாகிக் கேரளத்துக்கு வந்தார். 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் ரயில்வேயை 3-2 என்று தோற்கடித்துக் கேரளம் முதல் முறையாக சந்தோஷ் டிராபியை வாங்கியது. கேப்டன் மணி மூன்று கோல். அந்த அணியைப் பழக்கி எடுத்தவர் நம்ம தஞ்சாவூர்க்காரர். மலையாளிகள் அவரை மறக்கவில்லை, நம் ஆட்களுக்கு யார் என்று தெரியாது!

நாராயண் மும்பையிலேயே இருந்துவிட்டார். பாலக்காட்டிலிருந்து போன பல்லாயிரம் பேரைப் போலத்தான். ஊருக்கு விடுமுறையில் வந்து போகிற ஆள். 2021 ஆகஸ்ட் முதல் வாரத்தில் தாணேயில், எண்பத்தாறு வயதில் காலமானார். அதே மாதம் 22-ம் தேதி ரஹீமின் மகன் எஸ்.எஸ்.ஹக்கீம், அவரும் ரோம் அணியில் இருந்தவர். 24-ம் தேதி கொச்சியில் சந்திரசேகரன். ஒரே மாதத்தில் ரோமுக்குப் போன மூன்று பேர். பலராம் 2023 பிப்ரவரியில்.

கோவிட் நேரம் அது. நாராயண் இறந்த செய்தி இங்கே எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது, ஊர்க்குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். ஒற்றப்பாலத்துக்காரர், இரண்டு ஒலிம்பிக் என்று இரண்டே வரி. கீழே ஒருவர் கேட்டிருந்தார், "ஆடினாரா, இல்லை சும்மா போனாரா?"

இரண்டு ஒலிம்பிக்குக்குச் சும்மா யாரும் போவதில்லை என்று பதில் போட்டேன்.